தோட்டவெளிக்கு வந்த அரசுகள்

இலங்கையின் மன்னார்த் தீவில், மன்னார் நகரிலிருந்து பேசாலைக்குப் போகும் வழியில், எருக்கலம்பிட்டிக்கு அண்டை ஊராகத் தோட்டவெளி இருக்கிறது. 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் இந்த மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. வேதசாட்சிகளின் நினைவாக இங்கே ஓர் ஆலயம் உண்டு. இறந்தோர் 600 பேர் என்றும் 700 பேர் என்றும் சொல்லப்படுகிறது. அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தக் கதையை மதத்தின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அதில் தவறில்லை, செத்தவர்கள் விசுவாசத்துக்காகவே செத்தார்கள். ஆனால் கொன்றவனின் பக்கத்திலிருந்து பார்த்தால், நவீன அரசு இந்தக் கரையில் கால் வைத்த முதல் நாளாகவும் அது தெரிகிறது. சங்கிலிக்கு என்ன பயம்? எதிர்க்கரையில் நடந்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். 1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கொச்சிக்குத் தூது அனுப்பி, போர்த்துக்கேயரின் பாதுகாப்பைக் கேட்டு, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதோடு அவர்களுடைய முத்துச் சலாபத்தின் வருமானமும் கடல் உரிமையும் உள்ளூர் அதிகாரிகளின் கையைவிட்டுப் போயின. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவன் போர்த்துக்கல் அரசனின் குடியாகக் கணக்கெடுக்கப்பட்டான். மன்னார் மக்கள் மறைபோதகர் பிரான்சிஸ் சவேரியாருக்குச் செய்தி அனுப்பி, அவர் தன்னால் வர முடியாமல் ஒரு குருவை அனுப்பி வைத்தபோது, நல்லூரிலிருந்த அரசனுக்கு அது ஒரு கேள்வியாகத்தான் பட்டிருக்கும்: இந்தத் தீவின் குடிகள் யாருக்குத் திறை கட்டுவார்கள், யாருடைய சொல்லைக் கேட்பார்கள்? அதற்கு அவன் வாளால் பதில் சொன்னான். அந்தக் கொடுமைக்கு நியாயம் தேட நான் வரவில்லை. ஒரு குடியை இரண்டு அரசுகள் உரிமை கோரும்போது முதலில் சிந்துவது குடியின் இரத்தம் என்பதையே சொல்ல வருகிறேன்.

ஒரு நிலப்பரப்பில் வன்முறையைப் பயன்படுத்தும் நியாயமான உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று கோரி, அதில் வெற்றியும் பெறும் அமைப்பே அரசு என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மக்ஸ் வேபர் 1919இல் சொன்னார். ஐரோப்பாவில் அரசுகள் போருக்குப் பணம் திரட்டப் போய்த்தான் வரி அலுவலகமும் கணக்கரும் நிரந்தரப் படையும் உண்டாயின என்பது சார்ல்ஸ் டில்லி என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளரின் வாதம். இரண்டும் ஐரோப்பாவைப் பார்த்து எழுதப்பட்டவை. மன்னாரில் அரசு உள்ளேயிருந்து வளரவில்லை. கப்பலில் வந்து இறங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிய அரசுகள் ஒவ்வொன்றும் எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுவரவில்லை என்று பார்ப்பதே நமக்குப் பயன்படும்.

போர்த்துக்கேயர் கொண்டுவந்தது கோட்டை. ஆனால் உடனே அல்ல. கொலைக்குத் தண்டனை கொடுக்கச் சவேரியார் மன்றாடினார். 1545இல் நாகப்பட்டினத்தில் படை திரட்டும் ஏற்பாடும் இருந்தது. அந்த வேளையில் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, அதன் சரக்கு சங்கிலியின் கையில் சிக்கியது. சரக்கை மீட்பதே முக்கியம் என்று படையெடுப்பைக் கைவிட்டார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 1560இல், அரசப் பிரதிநிதி கொன்ஸ்தாந்தினோ த பிரகன்சா நல்லூரைத் தாக்கினார். அங்கே நிலைக்க முடியாமல் பின்வாங்கி மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். முத்துக்குளித்துறைத் தளபதியின் இருப்பிடமும் புன்னைக்காயலிலிருந்து இங்கே மாறியது. 600 பேரின் உயிருக்கு வராத படை முத்துக்கும் துறைமுகத்துக்கும் வந்தது. மேலதிகாரி தன் இலாபத்தையும் அரசனின் கடமையையும் பிரித்துப் பார்க்காத இடத்தில் கோட்டை இருக்கும், துப்பாக்கி இருக்கும். அரசு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதவியும் பதவியில் இருப்பவரும் வேறு வேறு என்ற பிரிவினை நவீன அரசின் முதல் தூண். அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

ஒல்லாந்தர் 1658இல் முதலில் மன்னாரையும் பிறகு யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது தோம்பு என்ற பதிவேடு. போர்த்துக்கேயர் தொடங்கியதை அவர்கள் விரித்து முறைப்படுத்தினார்கள். யாருடைய காணி, எத்தனை பனை, என்ன சாதி, எத்தனை நாள் ஊழியம் என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் எழுதிய பள்ளித் தோம்பு, பின்னாளில் முதுசொம் வழக்குகளில் சாட்சியாக நின்றது. வரி வாங்கவும் ஊழியத்துக்கு ஆள் பிடிக்கவும் திறந்த ஏடு, ஏழைப் பெண் ஒருத்தி தன் தாயின் காணியைக் கேட்டுப் போனபோது அவளுக்கு ஆதாரமானது. ஏட்டின் இயல்பு இதுதான். எழுதியவன் நினைத்த வேலையை மட்டும் அது செய்துகொண்டிருக்காது.

இன்னொன்றையும் ஒல்லாந்தருக்குச் சொல்லத்தான் வேண்டும். 1706-07இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணப் பட்டினத்தின் வழமைகளைத் திரட்டித் தேசவழமையாக எழுதியபோது, அதைத் தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலிமாரிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அந்த முதலிமார் உயர்சாதிக்காரர், காணிக்காரர். பெண்களோ கூலிகளோ அந்த வட்டத்தில் இல்லை. ஆனாலும் ஆளப்படுகிறவரிடம் சட்டத்தைக் காட்டிச் சரியா என்று கேட்கும் வழக்கத்தின் ஒரு மெல்லிய இழை அங்கே இருக்கிறது.

அரசு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவருக்கு, ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் காலத்தில், இந்தக் கரை ஓர் அபூர்வமான காட்சியை வைத்திருந்தது. தீவின் தெற்கே, பெருநிலத்தில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம். கடலடி முத்துப் பார்களில் சிப்பி விளைந்துவிட்டது என்று பரிசோதகர் அறிக்கை கொடுத்த ஆண்டுகளில், வெறும் மணற்காட்டில் சில வாரங்களுக்குள் ஒரு பட்டினம் எழும். கச்சேரி, நீதிமன்றம், பொலிஸ், மறியற்சாலை, ஆஸ்பத்திரி, தபால் தந்திக் கந்தோர், குடிதண்ணீர் ஏற்பாடு, ஓலைக் கொட்டில்களாலான தெருக்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும், மலையாளக் கரையிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாளிகள். பம்பாயிலிருந்தும் காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்தும் வியாபாரிகள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர். சலாபம் முடிந்ததும் அத்தனையும் பிரிக்கப்பட்டு மணல் பழையபடி மணலாகிவிடும். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு மட்டும் கடலரிப்பில் இன்று சரிந்துகொண்டிருக்கிறது.

1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் வேலை பார்த்த இளம் சிவில் அதிகாரிகளில் ஒருவர் லெனாட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளரும் ஏகாதிபத்திய எதிர்ப்பாளருமானவர். அவர் கடமை கொட்டில். கொட்டு என்றால் சிப்பியை இறக்கிப் பங்கிடும் வேலியடைத்த பெரிய முற்றம். அங்கே நடந்த பங்கீட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும். தோணி கரை சேர்ந்ததும் குளியாளிகள் தங்கள் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அதிகாரி வந்து அவற்றில் இரண்டைத் தெரிந்தெடுப்பார். அவை அரசாங்கத்துக்கு; மிஞ்சியது குளித்தவர்களுக்கு. பிரிப்பது ஒருவர், தெரிவது மற்றவர். எந்தக் குவியலை அதிகாரி எடுப்பார் என்று தெரியாததால் குளியாளி மூன்றையும் சமமாகவே வைப்பார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் கிடையாது. ஆனால் பங்கில் சண்டை வராதபடி அந்த விதியே காவல் நின்றது. அரசாங்கச் சிப்பி அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

நல்ல நிறுவனம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அது நல்ல மனிதர்களை எதிர்பார்த்து அமைக்கப்படவில்லை. சாதாரணப் பேராசைக்காரர்களை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டது. இருந்தும் நேர்மையாக வேலை செய்தது. குளியாளியின் நம்பிக்கைக்கும் அந்த முகாம் இடம் கொடுத்தது. சுறாவின் வாயைக் கட்டும் கடற்கட்டி கரையில் மந்திரம் சொல்லாவிட்டால் ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால், ஆங்கில அரசாங்கமே நெடுங்காலம் கடற்கட்டியை வைத்துக்கொண்டது. மக்கள் நம்பாத ஒழுங்கு ஒரு நாள்கூட ஓடாது என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த முகாமில் ஒன்று இல்லை. எவ்வளவு பங்கு என்பதை முடிவு செய்த மேசையில் குளியாளி இல்லை. மூன்றில் இரண்டு ஏன் அரசாங்கத்துக்கு, ஏன் ஒன்று இல்லை? கேட்பதற்கு இடமே கிடையாது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டு அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டே பார்கள் அனைத்தையும் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கரையில் யாரையும் கேட்கவில்லை. 1907க்குப் பிறகு சிப்பி இல்லாமல் போய், கம்பனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. கணக்கும் காவலும் நீதிமன்றமும் இருந்தும், குடியின் சொல்லுக்கு இடமில்லாத அரசு அது.

அதே ஆங்கில ஆட்சி நமக்கு விட்டுப்போன இன்னொரு சொத்து 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம். உறுதி காட்ட முடியாத, பயிரில்லாத நிலம் முடிக்குரியது என்று எடுத்துக்கொள்ளப்படும். தன்னுடையது என்று நிரூபிக்கும் சுமை குடியின் தலையில். பின்னால் வந்த காணிச் சட்டங்கள் பலவற்றிலும் இதே நினைப்பு ஓடுகிறது. இன்றைக்கும் ஓடுகிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

1914இல் புகையிரதப் பாதை தலைமன்னார் வரை வந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்பு. தோட்டவெளியைக் கடந்து போன அந்த வண்டிகளில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள் இருந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அதே பாதையில் எதிர்த்திசையில் போனார்கள். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனின் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது. இலங்கையில் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்து மனிதர்களுக்கு எங்கிருந்து ஆதாரம் வரும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கொட்டில் சிப்பியைப் பங்கிட்டபோதாவது குளியாளியே குவியலைப் பிரித்தான். இங்கே பங்கிடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிய நாடுகள் எல்லாமே தோன்றும்போது ஒரு கோடு கிழிக்கின்றன, உள்ளே யார், வெளியே யார் என்று. இஸ்ரேல், மியன்மார், யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடுகள், எதை எடுத்தாலும் அந்தக் கோட்டின் மேல்தான் பெருந்துயரம் நடந்திருக்கிறது. இலங்கை அரசைப் பார்த்து நாம் இதைச் சொல்லும்போது நம் பக்கத்தில் கிழிக்கப்பட்ட கோட்டையும் பார்க்காமல் போனால் அது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். தோட்டவெளிக்குப் பக்கத்து எருக்கலம்பிட்டியிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கடல்வழியே புத்தளம் கரைக்குப் போனார்கள். தனி நீதிமன்றமும் பொலிசும் வரி அறவீடும் பின்னர் கட்டியெழுப்பிய ஒரு இயக்கம் அது. நாடொன்றுக்கு வேண்டிய கருவிகள் அத்தனையையும் செய்யத் தெரிந்தவர்கள். ஆனால் எருக்கலம்பிட்டியின் ஒரு மீனவர், ஒரு ஆசிரியை, இந்த ஆணை தவறு என்று முறையிடுவதற்கு அந்த அமைப்பில் ஒரு கதவும் இருக்கவில்லை. அந்தக் கதவு இல்லாத இடத்தில், தமிழில் நடக்கும் நீதிமன்றமும் நமக்கு நீதிமன்றமாகாது. போர் முடிந்து திரும்பி வந்த குடும்பங்கள் காணி தேடியும், வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரிலா புத்தளத்திலா என்று அலைந்தும் பட்ட பாடு இன்னும் முடியவில்லை.

2018இல் மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதவானின் உத்தரவின் கீழ், சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் மாதக்கணக்கில் தோண்டினார்கள். 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் குழந்தைகளும். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வேலிக்கு வெளியே நின்றார்கள். தெரிந்தெடுத்த மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை எலும்புகளின் காலத்தை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் வைத்தது.

சங்கிலியின் காலமும் கோட்டையின் காலமும் அதற்குள் அடங்குகின்றன. ஆய்வுகூடத்தின் அளவீடு சரியாகவே இருக்கலாம். ஆனால் மன்னாரில் பலர் அதை ஏற்கவில்லை. மேலும் மாதிரிகளைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று தள்ளுவது பெரிய அநியாயம். பல தசாப்தங்களாக ஆணைக்குழுவுக்குப் பின் ஆணைக்குழுவாகச் சாட்சி சொல்லி, ஒரு பதிலும் பெறாத மக்கள் அவர்கள். 2016இல் சட்டமாகி 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் ஒரு நல்ல நிறுவனத்தின் வடிவத்தில்தான் எழுதப்பட்டது. வடிவம் இருந்தது, பதில் வரவில்லை. எலும்பின் வயதைச் சொல்ல இயந்திரம் போதும். அதை ஒரு தாய் நம்ப வேண்டுமென்றால், முன்பு அவள் கேட்ட கேள்விக்கு யாராவது உண்மை சொல்லியிருக்க வேண்டும். நீதிமன்றம், கணக்காய்வு, தேர்தல் ஆணைக்குழு, மரண விசாரணை எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. நம்பிக்கையை அவசரத்துக்கு வரவழைக்க முடியாது. பல ஆண்டுச் சிறு பதில்களால்தான் அது சேரும்.

காணிக்கு வருகிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி வந்த வர்த்தமானி வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஐயாயிரத்து தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கரைக் குறிப்பிட்டு, உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. மன்னாரில் 54 ஏக்கர். இடப்பெயர்வில் உறுதியைப் பறிகொடுத்தவர்கள், உரிமையாளர் இறந்து பிள்ளைகள் கனடாவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருப்பவர்கள், மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? 1840இன் குரல் அப்படியே ஒலித்தது. எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போடப்பட்டது, யூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. இந்த ஒரு நிகழ்வில் நிறுவனம் வேலை செய்ததைக் கண்டோம். அதை மனதாரப் பாராட்டுகிறேன்; பாராட்டாவிட்டால் அடுத்த முறை நீதிமன்றப் படி ஏற யாருக்கும் மனம் வராது.

தீவின் தெற்குக் கரையில் 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. 100 மெகாவாற்று மின்சாரம் தேசியக் கட்டமைப்புக்குப் போகிறது. இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் இரவு பகலாக வீதியில் இருந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தினார். செப்ரெம்பர் முடிவில் காற்றாலைப் பாகங்களைக் கொண்டுவர பொலிஸ் வந்து, மக்கள் அடிபட்டார்கள். காற்று மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் மழைநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது என்று தோட்டவெளிக்காரரும் பேசாலைக்காரரும் சொல்லும்போது, அதை அளந்து, ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லி, அந்தச் சொல்லுக்குப் பொறுப்பும் ஏற்கும் மேசை எது? கிராம அலுவலர் கடிதம் வாங்குவார். பிரதேச செயலகம் மேலே அனுப்பும். 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்றும். முடிவு கொழும்பில்.

இந்த இடைவெளிக்காகவே 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. வட மாகாணத்துக்கு 2013 செப்ரெம்பரில் ஒரே ஒரு முறை தேர்தல் நடந்தது. அந்தச் சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. புதிய தேர்தல் முறைக்காக 2017இல் சட்டம் மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே ஓர் ஆதரவு வாக்குமின்றி 139 வாக்குகளால் தோற்கடித்தது. பழைய முறைக்குத் திரும்பப் பாராளுமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும். ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசாங்கங்கள் அதைச் செய்யவில்லை. மாகாண சபைக்கு அதிகாரம் போதாது என்று நம்மில் பலர் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் காணி பற்றியும் கரை பற்றியும் கேள்வி கேட்கப்பட்டால் எழுந்து நின்று பதில் சொல்லக் கடமைப்பட்ட, தோட்டவெளி வாக்காளரால் வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒருவர் அந்தச் சபையில் இருப்பார். அந்தத் திருத்தத்தை இந்த ஆண்டே கொண்டுவரும்படி மன்னாரின் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுக் கேட்க வேண்டும்.